வரைநாட்டின் ‘உடும்பு’ வேவுத் தாங்கி: 22 தொன் எடை மலைப்பாதைக்குப் பொருந்துமா?

கேள்வி: பொகவந்தலாவை வாசகன்

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் எழுதிவரும் நாவலின் களம் ‘வரைநாடு’ என்னும் கற்பனை நாடு. கடற்கரை இல்லாத அந்த நாட்டின் பெரும்பகுதி 1,200 மீற்றருக்கும் 2,300 மீற்றருக்கும் இடைப்பட்ட மலைநிலம். வரைபடம் வரைந்தபோது எனக்குப் பழகிய நிலத்தையே மனத்திற் கொண்டேன்: பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு, ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் வீதியின் வளைவுகள், பட்டிப்பொலைக்கு மேலே உள்ள புல்வெளி. நாடும் அதன் அரசும் படையும் முழுக்கக் கற்பனையே. நம் நாட்டில் நடந்த எந்தப் போரையும் மறைமுகமாகச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

நாவலில் ‘உடும்பு’ என்றொரு இலகு ரக யுத்தத் தாங்கி வருகிறது. செங்குத்துப் பாறையிலும் பிடி தளராத உயிரினம் என்பதால் அந்தப் பெயர். இப்போதுள்ள விபரங்கள் இவை: எடை 22 தொன், அகலம் 3 மீற்றர், 105 மில்லிமீற்றர் பீரங்கி, 700 குதிரைவலு டீசல் இயந்திரம், நான்கு வீரர்கள், வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகம். நிலத்தில் படியும் சங்கிலிப் பட்டை ஒவ்வொன்றும் 45 சென்ரிமீற்றர் அகலமும் 3.8 மீற்றர் நீளமும் கொண்டவை என்று வைத்திருக்கிறேன். இது வரைநாட்டு வேவுப் படையணியின் முதன்மை வாகனம்.

முக்கியமான அத்தியாயம் ஒன்றில், விடியுமுன் மூன்று உடும்புகள் புறப்பட்டு, 1,900 மீற்றர் உயரத்திலுள்ள கணவாயைக் கடந்து, மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் எதிரியின் வாகன வரிசை எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிந்து திரும்பவேண்டும். முதல் நாள் மழை பெய்திருக்கிறது. கணவாயில் மூடுபனி. அந்த அத்தியாயத்தை வாசித்த நண்பர் ஒருவர், “உன்னுடைய உடும்பு பார்க்கப் போகிறதா, அடிக்கப் போகிறதா?” என்று கேட்டார். அதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அந்த அத்தியாயம் அப்படியே நிற்கிறது.

இந்த எடையும் இந்தப் பீரங்கியும் அந்த வேலைக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் எதை மாற்றவேண்டும்? வாகனங்களையும் மலைவீதிகளையும் அறிந்தவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். கதைக்காக உண்மையை வளைக்க நான் விரும்பவில்லை.

மறுமொழி 1: டோசர்காரர், வட்டவளை

தம்பி, நான் போர்த்தளபாடங்களைப் படித்தவன் அல்லன். மலைநாட்டு வீதி அகலிப்பு வேலைகளில் நீண்ட காலமாக டோசரும் பெக்கோவும் ஓட்டிவருகிறேன். சங்கிலியில் ஓடும் இரும்பு மலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் உடும்பின் எடை கிட்டத்தட்ட நாங்கள் ஓட்டும் நடுத்தர டோசரின் எடைதான். அந்த டோசரை நாங்கள் வேலைத்தளம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவதில்லை. லோபெட் லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். லோபெட் திரும்ப முடியாத வளைவு வந்ததும் இறக்கி, மிச்சத் தூரத்தைச் சங்கிலியில் நடத்துவோம். அப்படி நடத்தும்போது தோட்டத்து வீதிகளில் எங்களுக்கு இருக்கும் பெரிய கவலை ஏற்றமன்று, மதகுகள்தான். மேலே புதிதாகத் தார் போட்டுப் பளபளவென்று இருக்கும். கீழே இறங்கிப் பார்த்தால் பழைய கருங்கற்கட்டும், கல்லுக்கிடையில் வேர் இறங்கிய வெடிப்பும், நடுவில் ஒரு கல் சற்றுத் தொங்கிக்கொண்டிருப்பதும் தெரியும். கொழுந்து லொறி போய்வருவதற்காகக் கட்டிய மதகு அது. அதன்மேல் 22 தொன்னை ஏற்றுவதற்கு முன் நான் ஒவ்வொரு முறையும் இறங்கிக் கீழே குனிந்து பார்த்திருக்கிறேன். உங்கள் வீரர்கள் இருட்டில், எதிரி நிலத்தில், ஒவ்வொரு மதகிலும் இறங்கிப் பார்ப்பார்களா?

இன்னொன்று, மலைவீதிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. உள்பக்கம் மலையை வெட்டிய தரை; வெளிப்பக்கம் வெட்டிய மண்ணைக் கொட்டி, கல் அடுக்கி நிரப்பிய தரை. பார்வைக்கு இரண்டும் ஒரே வீதிதான். மழைக்குப் பின் வெளிப்பக்கம் நீரை உறிஞ்சி ஊதிப்போயிருக்கும். மூன்றரை மீற்றர் வீதியில் மூன்று மீற்றர் அகல வாகனம் போனால் அதன் வெளிச்சங்கிலி முழுவதும் நிரப்பிய தரையில்தான் ஓடவேண்டும். உள்பக்கத்தை ஒட்டிப் போகலாமென்றால் அங்கே மழைநீர் ஓடும் கான் இருக்கும். நம் பஸ்களின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். அதற்குமேல் ஒவ்வொரு அங்குலத்தையும் யோசித்துக் கூட்டுங்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். பழைய மாதிரி டோசரில் இடப்பக்க நெம்புகோலை இழுத்தால் இடது சங்கிலிக்குப் போகும் விசை அறுபடும். வலது சங்கிலி தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் அப்படித்தான். செங்குத்தான இறக்கத்தில் இது தலைகீழாகிவிடும். விசை அறுபட்ட இடது சங்கிலி தன்பாட்டில் வேகமாக உருளும். வலது சங்கிலியை இயந்திரம் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். அதனால் வண்டி வலப்பக்கம் போகும். நெம்புகோலோடு அந்தப் பக்கத்துப் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால்தான் நினைத்த பக்கம் திரும்பும். இதை எனக்கு மூத்தவர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனாலும் என் முதல் வருடத்தில், மழைத் தூறலில், ஒரு தோட்டத்து இறக்கத்தில், பிரேக்கை மிதிக்க ஒரு கணம் தாமதித்தேன். வண்டி பள்ளத்துப் பக்கம் மூக்கைத் திருப்பியது. கத்தியை நிலத்தில் இறக்கியதால் நின்றது. முன்பக்கச் சங்கிலியின் கால்வாசி வெளியே காற்றில் இருந்தது. அதன் கீழே கல்லுக்கட்டு ஒவ்வொரு கல்லாக உருண்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீதிக்கு அவ்வளவு எடையை ஏற்றக்கூடாது என்று அன்று காலையில் நாங்கள் சொல்லியும் வேலையைப் பொறுப்பேற்றவர்கள் கேட்கவில்லை.

இந்தக் காலத்துத் தாங்கிகளில் இரு சங்கிலிகளின் வேகத்தையும் எண்ணெய் அழுத்தத்தால் கூட்டிக் குறைத்துத் திருப்பும் முறை உண்டு. உடும்புக்கு அதைக் கொடுங்கள். அதோடு இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் வேகத்தைப் பிடிக்க ரிட்டாடரும் வேண்டும். நானுஓயாவிலிருந்து ரதல்லைக்கு இறங்கும் குறுக்கு வீதியில் கனரக வாகனங்களுக்கு ஏன் தடை போட்டார்கள் என்பதை நம் பக்கத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

என் கணக்கில் 22 தொன் கூடாது. பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் வையுங்கள்.

மறுமொழி 2: வரலாற்று ஆசிரியை, பண்டாரவளை

வணக்கம். உங்கள் நண்பர் கேட்ட கேள்வி மிகச் சரியானது. ‘இலகு ரகத் தாங்கி’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறுபட்ட வாகனங்கள் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் ஒன்றின் உடலையும் மற்றதன் வேலையையும் ஒட்டவைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் வகை, கனமான தாங்கி ஏற முடியாத இடத்தில் அதற்குப் பதிலாக நின்று போரிடுவதற்காகச் செய்யப்படுவது. திபெத்திய மேட்டுநிலத்துக்காகச் சீனா உருவாக்கிய 15ஆம் வகைத் தாங்கி முப்பது தொன்னுக்கும் மேற்பட்டது. 105 மில்லிமீற்றர் பீரங்கி கொண்டது. லடாக் எல்லைக்காக இந்தியா உருவாக்கி 2024 இல் வெளியே காட்டிய ‘ஸொராவர்’ 25 தொன் எடையும் அதே அளவு பீரங்கியும் உடையது. உங்கள் உடும்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றின் முதல் வேலை வேவு அன்று.

இரண்டாம் வகை, பார்ப்பதற்காகவே பிறந்தது. 1970களில் பிரித்தானியப் படையில் சேர்ந்த ‘ஸ்கோர்பியன்’ இதற்கு நல்ல சான்று. அலுமினியக் கவசம், ஏறத்தாழ 8 தொன் எடை, 76 மில்லிமீற்றர் பீரங்கி, மூன்று வீரர்கள், இரண்டேகால் மீற்றருக்கும் குறைந்த அகலம். அதே உடலில் 30 மில்லிமீற்றர் பீரங்கி பொருத்தப்பட்டது ‘ஸிமிட்டர்’. 1982 இல் போக்லாந்துத் தீவுகளுக்கு இந்த இரண்டிலும் நான்கு நான்காக எட்டு வாகனங்களைத்தான் பிரித்தானியர் கொண்டுசென்றார்கள். அந்தத் தீவின் சதுப்பான கரிமண்ணில் சங்கிலி வாகனங்கள் புதைந்துவிடும் என்று முதலில் பலர் அஞ்சினார்கள். ஆனால் எடை குறைவாகவும் சங்கிலி அகலமாகவும் இருந்ததால், நடந்துபோகும் மனிதனின் காலடி கொடுக்கும் அழுத்தத்தைவிட இவை குறைந்த அழுத்தத்தையே நிலத்தில் கொடுத்தன. அவை அங்கே ஓடின. போரின் இறுதி நாட்களில் காலாட்படைக்குத் துணையாக இரவில் சுட்டும் உதவின. உங்கள் அத்தியாயத்தில் மழை பெய்த புல்வெளி வருவதால் இந்த நிகழ்ச்சியை ஆழமாகப் படியுங்கள்.

மலைக்கணவாய் என்றால் 1948 நவம்பர் 1 ஆம் திகதி காஷ்மீரின் சோஜிலாக் கணவாயில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்தில், பனிக்காலத் தொடக்கத்தில், இந்தியப் படை ‘ஸ்டுவர்ட்’ என்னும் இலகு ரகத் தாங்கிகளைக் கணவாய்க்குள் கொண்டுசென்றது. அவ்வளவு உயரத்தில் தாங்கி வரும் என்று எதிரில் இருந்தவர்கள் எண்ணவேயில்லை. ஆனால் எனக்கு அந்த நாளைவிட அதற்கு முந்திய வாரங்களே பெரிதாகத் தெரிகின்றன. சுழற்கோபுரங்களைக் கழற்றி மூடி, ஜம்முவிலிருந்து இரகசியமாகக் கொண்டுவந்தார்கள். வழியிலிருந்த பாலங்களை வலுப்படுத்தினார்கள். கணவாய்க்கு ஏறும் பாதையை மதராஸ் பொறியியற் படைப்பிரிவினர் அமைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தாங்கி ஏறத்தாழ 15 தொன்தான். அதற்கே அவ்வளவு ஆயத்தம் வேண்டியிருந்தது. வட்டவளை ஐயா மதகைப் பற்றிச் சொன்னதை வாசித்தபோது எனக்கு உடனே சோஜிலா ஞாபகம் வந்தது.

1962 இல் இந்தியா பிரான்ஸ் நாட்டு ‘ஏ.எம்.எக்ஸ் 13’ தாங்கிகளை விமானத்திலேயே லடாக்கிலுள்ள சூசுலுக்கு இறக்கியது. அதுவும் எடை ஏறத்தாழ 15 தொன்னாக இருந்ததால்தான் முடிந்தது. வரைநாட்டுக்குக் கடல் இல்லை, வீதிகள் குறைவு. மழையில் வீதி அறுந்தால் வாகனத்தை வானத்தால்தான் கொண்டுபோகவேண்டும். இதையும் கணக்கில் சேருங்கள்.

பீரங்கியைப் பற்றி ஒரு கருத்து. மலையில் எதிரி உங்களுக்கு நேரெதிரே நிற்பதைவிட, தலைக்கு மேலே நிற்பதுதான் அதிகம். 1979 இல் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் படை இதைக் கசப்பாகக் கற்றது. அவர்களுடைய பழைய காலாட்படை வாகனத்தின் 73 மில்லிமீற்றர் பீரங்கியைப் போதிய அளவு உயர்த்த முடியவில்லை. அடுத்து வந்த ‘பி.எம்.பி 2’ இன் 30 மில்லிமீற்றர் பீரங்கியை 70 பாகைக்கும் மேல் உயர்த்த முடிந்ததால் மலைச்சரிவில் இருந்தவர்களை நோக்கிச் சுட முடிந்தது. 105 மில்லிமீற்றர் தாங்கிப் பீரங்கியை இலகு ரகத் தாங்கியின் சுழற்கோபுரத்துக்குள் வைத்து அப்படி உயர்த்துவது மிகக் கடினம். பின்னால் உதைப்பதற்கு உள்ளே இடம் போதாது.

சிறிய உடலில் பெரிய பீரங்கியை வைத்துப் பார்த்த நாடும் உண்டு. அமெரிக்காவின் ‘ஷெரிடன்’ ஏறத்தாழ 15 தொன் வாகனம். அதில் 152 மில்லிமீற்றர் பீரங்கி, அதே குழாயால் ஏவுகணையும் விடலாம். சாதாரணக் குண்டைச் சுட்டபோது எழுந்த உதைப்பு முன்பகுதியையே தூக்கியது; ஏவுகணைக்குரிய நுண்கருவிகளையும் கெடுத்தது.

ஆனாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. வேவுக்குச் செல்பவர்களுக்குப் பீரங்கியே வேண்டாம் என்று சொல்லும் பக்கத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. எதிரியும் தன் பக்கத்து வேவு வீரர்களை முன்னால் அனுப்பியிருப்பான். அவர்களை விலக்காமல் பின்னாலிருக்கும் பெரிய வரிசையைப் பார்க்க முடியாத நேரம் வரும். அதற்கு 30 மில்லிமீற்றர் பீரங்கி போதும் என்பதே என் கருத்து. கனமான தாங்கியைச் சந்தித்தால் உடும்பு விலகிப் போகவேண்டும். தன் தளத்துக்குச் செய்தி சொல்லவேண்டும். அடிப்பது பின்னாலிருக்கும் பீரங்கிப் படையின் வேலை.

கடைசியாக, மூன்று வாகனங்களிலும் கோபுரம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஸ்கோர்பியனின் உடலிலேயே ஆட்களை ஏற்றிச் செல்லும் ‘ஸ்பார்ட்டன்’ என்ற வகையும், பழுதானதை இழுக்கும் ‘ஸம்ஸன்’ என்ற வகையும் இருந்தன. முகட்டின் கடைசி இருநூறு மீற்றரை வாகனத்தில் கடப்பது தற்கொலைக்குச் சமம். இறங்கி, ஊர்ந்து, தலையை மட்டும் உயர்த்திப் பார்க்க ஆட்கள் வேண்டும்.

மறுமொழி 3: வானலை, ஹப்புத்தளை

தொலைத்தொடர்புக் கோபுரங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளன் நான். எடையையும் பீரங்கியையும் மேலே இருவரும் நன்றாக விளக்கிவிட்டார்கள். பார்த்ததை எப்படித் தெரிவிப்பது என்பதை யாரும் தொடவில்லை. வேவுத் தாங்கி பார்த்த செய்தி தளத்துக்கு வந்து சேராவிட்டால் அது போனதும் போகாததும் ஒன்றுதான்.

படையினர் வாகனங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் வானொலி அலைகள் நேர்கோட்டில் செல்பவை. இடையில் மலை வந்தால் அங்கேயே முடிந்துவிடும். நம் தோட்டங்களில் லயத்தின் இந்தக் கோடியில் நின்றால் கைப்பேசிக்கு அலை கிடைப்பதும், பத்தடி தள்ளி நின்றால் அறுந்துபோவதும் அதனால்தான். உங்கள் உடும்புகள் கணவாயைக் கடந்து மறுபக்கம் இறங்கிய நொடியே தளத்தோடு தொடர்பு அறுந்துவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணவாயின் முகட்டில் ஒரு வாகனத்தை நிறுத்தி, கீழிருந்து வரும் செய்தியை வாங்கி மறுபக்கம் அனுப்பச் செய்வது. மூன்றில் ஒன்று அங்கேயே நின்றுவிடும். மற்றது, 2 முதல் 10 மெகாஹேர்ட்ஸ் வரையான அலையை ஏறத்தாழச் செங்குத்தாக வானத்தை நோக்கி அனுப்புவது. அது அயனமண்டலத்தில் பட்டுக் குடைபோலச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். மலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. சில நூறு கிலோமீற்றருக்குள் எந்தப் பள்ளத்தாக்கிலும் கேட்கும். இதற்கு நெட்டுக்குத்தான அன்டெனா உதவாது. கிடையாகக் கட்டிய கம்பி வேண்டும். இரவில் குறைந்த அலைவரிசை, பகலில் கூடியது என்று மாற்றவேண்டும். உங்கள் வீரர் ஒருவர் இருட்டில் இரண்டு மரங்களுக்கிடையில் கம்பி கட்டும் காட்சியை நாவலில் வைக்கலாம். தொழில்நுட்ப ரீதியாக அது முற்றிலும் சரியாக இருக்கும்.

இனி மூடுபனி. வெப்பத்தைப் பார்க்கும் கமரா இருந்தால் பனியை ஊடுருவிப் பார்த்துவிடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். புகையிலும் தூசியிலும் இருளிலும் அது மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அடர்ந்த மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். அவை வெப்பக் கதிரையும் விழுங்கிச் சிதறடிக்கும். பிற்பகலில் தென்பக்கத்திலிருந்து ஹப்புத்தளை முகட்டுக்கு ஏறிவரும் பனிக்குள் நான் பலமுறை கோபுரத்தின்மேல் இருந்திருக்கிறேன். கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகும். சட்டைக் கைகளில் சிறு துளிகள் கோத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் ட்ரோனும் குருடுதான். ராடார் பார்க்கும், ஆனால் அது தானே அலையை வீசுவதால் எதிரி உங்களைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகையால் உங்கள் அத்தியாயத்தில் பனி கலையும் வரை காத்திருப்பதே நேர்மையான தீர்வு.

காத்திருக்கும்போது இயந்திரம் ஓடக்கூடாது. இரவில் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் லொறி கியர் மாற்றும் சத்தம் இந்தப் பக்கத்து லயத்தில் கேட்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கண்காணிப்புக் கருவிகளையும் வானொலியையும் மணிக்கணக்கில் ஓட்டக்கூடிய பற்றரிகளை உடும்புக்குக் கொடுங்கள். ஜேர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து செய்த ‘ஃபெனெக்’ என்ற சக்கர வேவு வாகனத்தில், கண்காணிப்புக் கருவி ஒரு கம்பத்தின்மேல் உயர்ந்து நிற்கும். உடல் முகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அந்தக் கருவியைக் கழற்றி 40 மீற்றர் வரை தள்ளி வைத்துக் கம்பிவழியாகவும் பார்க்கலாம். கோபுரம் இல்லாத மூன்றாவது உடும்புக்கு இது மிகப் பொருத்தம்.

இயந்திரத்தைப் பற்றிச் சிறு குறிப்பு: 1,900 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ பொருத்தாத டீசலாக இருந்தால் வலு அதே அளவுக்கு இறங்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பொகவந்தலாவை வாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு முழுவதும் கணக்குப் போட்டேன். பழைய உடும்பின் 22,000 கிலோவைச் சங்கிலி படியும் 34,200 சதுர சென்ரிமீற்றரால் வகுத்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.64 கிலோ வருகிறது. மழை ஊறிய புல்வெளியில் இது தாங்காது என்று இப்போது புரிகிறது.

புதிய உடும்பு இப்படி: எடை 13 தொன், அகலம் 2.4 மீற்றர், டேர்போ பொருத்திய 400 குதிரைவலு டீசல். சங்கிலியின் அகலத்தை அப்படியே 45 சென்ரிமீற்றராக வைத்து, நிலத்தில் படியும் நீளத்தை 3.4 மீற்றராகக் குறைத்தேன். அழுத்தம் 0.42 ஆக இறங்கியது. சங்கிலியில் வீதியைக் கிழிக்காத றப்பர் பட்டைகள். மூன்று வாகனங்களில் இரண்டில் 30 மில்லிமீற்றர் பீரங்கி. அதை 70 பாகை வரை உயர்த்தலாம். மூன்றாவதில் கோபுரமில்லை, கம்பத்தில் ஏறும் கண்காணிப்புக் கருவியும், இறங்கி நடக்கும் நான்கு வீரர்களும், செங்குத்து அலை வானொலியும் அதில் இருக்கும்.

105 மில்லிமீற்றர் பீரங்கியை விட மனம் வரவில்லை என்பது உண்மை. அட்டைப்படத்துக்காக அதைத்தான் முதலில் வரைந்தேன். ஆனால் சோஜிலாவைப் பற்றி ஆசிரியை எழுதியதை வாசித்தபின், பாலத்தை வலுப்படுத்தும் வாரங்களை எழுதாமல் பீரங்கியை மட்டும் எழுதுவது அந்த நிலத்துக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியது. மதகுக்குக் கீழே குனிந்து பார்க்கும் வீரன் ஒருவன் இப்போது முதல் பக்கத்திலேயே வருகிறான்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் எதிரியின் கண்ணில் பட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் உள்ள ஒற்றைவழி வீதி. சங்கிலி வாகனம் நின்ற இடத்திலேயே சுழலும் என்பதால் அங்கேயே திருப்பிவிடலாம் என்று எழுதியிருந்தேன். இது சரியா?

மறுமொழி 4: டோசர்காரர், வட்டவளை

சரியில்லை, தம்பி. நின்ற இடத்தில் சுழலலாம் என்பது உண்மை. ஆனால் சுழலுவதற்கு வாகனத்தின் அகலம் போதாது. மூலைக்கு மூலை உள்ள நீளம் வேண்டும். உங்கள் புதிய உடும்பு குறைந்தது ஐந்து மீற்றர் நீளமாவது இருக்கும். மூன்றரை மீற்றர் வீதியில் மூக்கு மலையிலும் வால் பள்ளத்திலும் இருக்கும். இடம் இருந்தாலும்கூட, சுழலும்போது சங்கிலி மண்ணைப் பக்கவாட்டில் அரைத்துத் தள்ளும். நிரப்பிய தரையில் அதைச் செய்தால் கல்லுக்கட்டு வெளியே தள்ளப்பட்டுவிடும். சில நேரம் சங்கிலியே கழன்றுவிடும்.

அவர்கள் திரும்பவே கூடாது. பின்னோக்கியே வரவேண்டும்.

மறுமொழி 5: வரலாற்று ஆசிரியை, பண்டாரவளை

ஐயா சொல்வதை ஸ்கோர்பியனைச் செய்தவர்களும் அறிந்திருந்தார்கள். அதன் கியர்ப்பெட்டியில் முன்னோக்கி ஏழு, பின்னோக்கியும் ஏழு. முன்னால் போகும் வேகத்திலேயே பின்னாலும் வர முடியும். வேவுக்குப் போகிறவருக்கு இது கவசத்தைவிடப் பெரிய காப்பு. தடித்த முன்பக்கமும் பீரங்கியும் எதிரியை நோக்கியே இருக்க, வாகனம் விலகிவிடும்.

வேகமாகப் பின்னால் வர ஓட்டுநருக்குக் கண் வேண்டும். பழைய நாட்களில் தளபதி கோபுரத்தில் நின்று பின்பக்கம் பார்த்து, காதுக்கருவி வழியாக “இடது, இன்னும் இடது” என்று சொல்லி ஓட்டுநரை வழிநடத்துவார். உடும்பு இக்காலத்து வாகனம் என்பதால் பின்பக்கக் கமரா கொடுக்கலாம். ஆனால் மழையில் சேறு தெறித்து அந்தக் கமராவை மூடிவிடும் என்று எழுதுங்கள். அப்போது தளபதி மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டியே ஆகவேண்டும். மஸ்கெலியா வளைவில் எதிரே லொறி வந்தால், நடத்துநர் இறங்கிப் பின்னால் போய், பஸ்ஸின் தகரத்தில் தட்டித் தட்டிப் பின்னெடுக்க வைப்பதை நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டுக்கு நில், இரண்டு தட்டுக்கு வா. சன்னம் பறக்கும் வீதியில் உங்கள் தளபதி செய்யவேண்டியதும் அதேதான்.

மறுமொழி 6: வானலை, ஹப்புத்தளை

ஆசிரியை சொன்ன காட்சியில் ஒரு சிறு திருத்தம். அவர்கள் பின்னோக்கி வரும் நேரத்தில் மரங்களுக்கிடையில் கட்டிய கம்பி அன்டெனாவை அவிழ்க்க நேரம் இருக்காது. வெட்டி எறிந்துவிட்டுத்தான் வரவேண்டும். எனவே பார்த்த செய்தியை அதற்கு முன்பே, இயந்திரத்தை உயிர்ப்பிப்பதற்கும் முன்பே அனுப்பி முடித்திருக்கவேண்டும். அத்தியாயத்தில் வரிசையை அப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: செய்தி, அதன் பிறகு இயந்திரம், அதன் பிறகு பின்வாங்கல்.